சுரண்டாத கோடு

கதவு சாத்திய சத்தம் கேட்டபோது, படகு, விமானம் என்று சின்ன மாடல்கள் செய்து பிழைக்கிற மாடல்காரர் நிமிரவில்லை. சாவி திரும்பிய சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தார்.

"எதுக்கு சார் பூட்டுறீங்க?"

"கதவு திறந்திருந்தா தூசி வந்து ஒட்டும்னு நீங்கதானே போன வருஷம் சொன்னீங்க." மேனேஜர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கை. "அப்படியே போனையும் கொஞ்சம் குடுங்க. வேலை முடிஞ்சதும் வாங்கிக்கலாம்."

குரலில் 'கொஞ்சம்' இருந்தது. நீட்டிய கையில் இல்லை.

மாடல்காரர் போனைக் கொடுத்தார். தங்கச்சி கூப்பிட்டால் திரையில் அவள் படம் வரும். அந்தப் படத்தில் அவள் பக்கத்தில் அவள் புருஷனும் நிற்பானா, மாட்டானா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அந்தப் புருஷன் இப்போது லாக்கப்பில் இருக்கிறான். இந்தக் கம்பெனியின் பயணிகள் படகை எட்டு வருஷமாக ஓட்டியவன். பத்து நாளைக்கு முன்னால் அந்தப் படகு ஆற்றின் முகத்துவாரத்தில் நூற்று நாற்பது பேரோடு கவிழ்ந்தது. ஏழு பேர் திரும்பவில்லை. ஏற்ற வேண்டியது எண்பது பேரைத்தான்.

ஓட்டியவன் ஒரே வார்த்தையைப் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நான் கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன். கோடு தண்ணிக்கு மேலதான் இருந்துச்சு."

படகின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறினால் பாரம் அதிகம், படகை எடுக்கக்கூடாது. அந்தக் கோட்டையே யாரோ மேலே ஏற்றி வரைந்துவிட்டார்கள் என்கிறான் ஓட்டியவன். கோடு சான்றிதழில் உள்ள இடத்தில்தான் இருந்தது, அது முங்கியதைப் பார்த்தும் எடுத்துவிட்டான் என்கிறது கம்பெனி. உண்மையைச் சொல்ல வேண்டிய படகு முப்பது அடி ஆழத்துச் சேற்றில் கிடக்கிறது. அதை எப்போது தூக்குவார்கள், முழுசாகத் தூக்குவார்களா என்பதெல்லாம் தண்ணீருக்கே வெளிச்சம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். இதோ, மேஜைமேல்.

இரண்டரை அடி நீளம். கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கோடு, நெல்மணி அளவில் ஜன்னல்கள். அசல் படகை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் போன வருஷம் அவரே செய்தது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வரைபடத்தை நம்பி மாடல் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. படகு பழுதுபார்க்கக் கரையேறியிருந்த ஒரு முழு நாள் டேப்பும் கையுமாக அதைச் சுற்றி வந்து அளந்தார். கோடு இருந்த இடத்தில், டெக்கால் என்கிற ஸ்டிக்கராகக் கோட்டை ஒட்டினார். அது சரியான இடமா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வியுமில்லை. அப்போது எடுத்த படங்கள் பழைய போனோடு போய்ச் சேர்ந்துவிட்டன.

"டெக்கால் உரியுதுன்னு சொன்னீங்களே சார். நல்லாத்தானே ஒட்டியிருக்கு?"

"உரியல. இடம்தான் தப்பு." மேனேஜர் ஒரு வரைபடத்தை விரித்தார். "கோடு நாலு மில்லிமீட்டர் கீழ வரணும். சான்றிதழ்ல அங்கதான் இருக்கு. நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாங்க. மாடலைப் பார்க்கணும்னு எழுத்துல கேட்டிருக்காங்க."

மாடலில் நாலு மில்லிமீட்டர். படகில் பத்து சென்டிமீட்டர். அறுபது உயிர்களின் எடை.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா சொல்லிடுங்க. மாடல் கைதவறி விழுந்து நொறுங்கிப் போச்சுன்னு எழுதிக்கறோம்." மேனேஜர் வரைபடத்தின் சுருட்டிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "பார்த்தா அவங்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டது."

மாடல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே கால். மறுத்தால் மாடல் இருக்காது. ஒத்துக்கொண்டு வெளியே போய்க் கத்தினால், 'தங்கச்சி புருஷனுக்காகப் பேசுறான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த உறவு மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

"அஞ்சு மணி நேர வேலை சார்."

"மூணரைக்கு முடியணும்."

"பழசைத் தேய்ச்சு எடுக்கணும், பெயிண்ட் அடிக்கணும், காயணும், மேல பளபளப்பு வார்னிஷ்..."

"மூணரைன்னேன்." மேனேஜர் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். "யோவ் பெயிண்டர், உள்ள வாய்யா. இவர்கூட உக்காரு. என்ன பண்றார்னு பார்த்துக்கிட்டே இரு. உனக்குத்தான் பெயிண்ட் சமாசாரம் தெரியுமே."

பெயிண்டர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். நகக்கணுவிலெல்லாம் பச்சைப் பெயிண்ட், இடுப்பில் அழுக்குத் துணி. கதவு மறுபடி சாத்தப்பட்டது. சாவி இப்போது வெளியிலிருந்து திரும்பியது.

ஸ்டோர் ரூம். ஜன்னல் இல்லை. தலைக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட், மூலையில் முனகுகிற எக்ஸாஸ்ட் பேன். ஒரு பக்கச் சுவர் பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மீட்டிங் ஹால். யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுவது பக்கத்து இலையில் பரிமாறுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"பயப்படாதீங்க மேஸ்திரி," என்றார் பெயிண்டர். "நான் கடிக்க மாட்டேன். பார்க்கத்தான் சொல்லியிருக்காரு."

பார்ப்பதுதான் பயமே. மேனேஜரை ஏமாற்றலாம், அவருக்குப் பெயிண்ட் என்றால் டப்பாவில் இருப்பது. இந்த ஆள் முப்பது வருஷமாகப் படகுகளைச் சுரண்டிச் சுரண்டி அடிக்கிறவர்.

மாடல்காரர் பெட்டியைத் திறந்தார். கைகள் தானாக வேலையைத் தொடங்கின. தலை தனியாக வேறு வேலை பார்த்தது.

டெக்கால் என்பது வெங்காயத்தோலைவிட மெல்லிய ஒரு படலம். தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். மெல்லியதுதான், ஆனால் அதற்கும் ஒரு கனம் உண்டு. மேலே மூன்று முறை வார்னிஷ் அடித்தால் ஓரம் ஒரு மேடாகவே ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. நகத்துக்குத் தெரியும். அதனால் பழைய டெக்காலை மறைக்க வேண்டுமானால், முதலில் அந்த மேட்டை உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். தேய்க்காமல் மேலே பெயிண்ட் அடித்தால்?

அடித்த ஈரத்தில் எல்லாம் சமமாகத்தான் தெரியும். காயக் காயப் பெயிண்ட் சுருங்கும். புதைத்தது எலும்போடு எழுந்து வரும்.

அவர் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரு விமான மாடலில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார். மறுநாள் காலையில் இறக்கைமேல் பழைய நம்பர் பேய் மாதிரி எழுந்து நின்றது. அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கு அதே தப்பை, தெரிந்தே, இரண்டு கண்களுக்கு முன்னால் செய்ய வேண்டும்.

உப்புத்தாளை மடித்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்தார். சொரசொரப்பான பக்கம் விரலுக்கு, வழுவழுப்பான முதுகுப் பக்கம் படகுக்கு என்று பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

சர்க், சர்க், சர்க்.

தண்ணீர் வழிந்தது. விரல்நுனி எரிந்தது. கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயிண்டர் பீடி இல்லாத உதடுகளைச் சப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் போனது. பெயிண்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மேஸ்திரி."

"ம்."

"உங்க தங்கச்சி எப்படி இருக்கு?"

தேய்த்த கை நின்றது. 

"கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன்," என்றார் பெயிண்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பந்தல்ல போர்டு எழுதினது நான்தான். நீங்க அலைஞ்சுக்கிட்டிருந்தீங்க. என்னைக் கவனிச்சிருக்க மாட்டீங்க."

மாடல்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "மேனேஜர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

பெயிண்டர் பதில் சொல்வதற்குள் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அது இந்தக் கதவை நோக்கித்தான் வந்தது.

மாடல்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் பச்சைப் படகைத் தேய்த்த தண்ணீர், குழாயில் பிடித்தபோது இருந்ததுபோலவே தெளிவாக இருந்தது. அடியில் கிண்ணத்தின் பூ டிசைன்கூடத் தெரிந்தது. உண்மையாகத் தேய்த்திருந்தால் பச்சைச் சேறாகக் கலங்கியிருக்க வேண்டும். மேனேஜருக்கே இது புரியும்.

பெயிண்டரும் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து பார்க்கிறாரோ.

சாவி நுழைந்தது.

பெயிண்டர் இடுப்புத் துணியை உருவினார், கிண்ணத்துக்குள் முக்கினார், ஒரு பிழி பிழிந்தார். காலையில் அவர் காம்பவுண்டு சுவருக்கு அடித்த பச்சை டிஸ்டெம்பர் தண்ணீரில் புகை மாதிரி பரவியது. துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது கதவு திறந்தது.

"என்னய்யா, எந்த மட்டுக்கு வந்திருக்கு?"

"தேய்ச்சு முடிச்சுட்டாரு சார். தண்ணியப் பாருங்க, கீரை மசிச்ச மாதிரி இருக்கு."

மேனேஜர் தண்ணீரைப் பார்த்தார். ஈரத்தில் பளபளத்த மாடலை மேலோட்டமாகப் பார்த்தார். "கோடு இன்னும் தெரியுதே?"

"மேடுதான் சார் போகணும். நிறத்தை மேல அடிக்கிற பெயிண்ட் மூடிடும்," என்றார் மாடல்காரர்.

"சீக்கிரம்."

கதவு சாத்தியது. சாவி திரும்பியது.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

பெயிண்டர் துணியை உதறினார். "பெரிய படகுல கோட்டை ஏத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? இந்தக் கைதான். போன வருஷம் நீங்க அளக்க வர்றதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, பத்து சென்டி மேல போடுய்யான்னாரு. பழசைச் சுரண்டணும் சார், ரெண்டு நாளாகும்னேன். மேலயே அடிச்சுட்டுப் போய்யான்னாரு. அடிச்சுட்டேன்." துணியை மடித்து வைத்தார். "அந்த ஏழு பேர்ல ஒரு டீச்சரம்மா. தினம் அந்தப் படகுலதான் வரும். மேல பெயிண்ட் சொட்டிடப் போகுது அண்ணேன்னு கிண்டல் பண்ணும்."

"அப்போ போய்ச் சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? எழுத்துல ஒண்ணும் கிடையாது. அந்த ஞாயித்துக்கிழமை நான் வந்ததாவே ரெஜிஸ்டர்ல இல்ல. சொன்னா, கோட்டைத் திருட்டுத்தனமா அழிச்சவன் இவன்தான்னு என்னையே உள்ள தள்ளிடுவாங்க. வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க." பெயிண்டர் கதவைக் காட்டினார். "பூட்டு வெளியில இன்னிக்குத்தான் போட்டிருக்காங்க மேஸ்திரி. எனக்குப் பத்து நாளாவே பூட்டு."

மாடல்காரர் ஏர்பிரஷ்ஷை எடுத்தார். கரும்பச்சையைக் கலந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக. பழைய கோட்டின்மேல் அடித்தார். முதல் பூச்சில் வெள்ளை மங்கியது. இரண்டாவதில் காணாமல் போனது. ஈரப் பச்சை, குளத்துத் தண்ணீர்போலச் சமமாகக் கிடந்தது.

இனி அது எழுந்தாக வேண்டும், அதுவும் சரியான நேரத்தில். சீக்கிரம் எழுந்தால் மேனேஜர் பார்ப்பார், மாடல் உடையும். தாமதமாக எழுந்தால் அதிகாரி போய்விடுவார், மாப்பிள்ளை உடைவான். பிடித்துத் தள்ள முடியாத கடிகாரம் அது.

மேனேஜர் அடுத்து வந்தபோது மணி இரண்டே முக்கால். கையில் ஒரு ஹேர் டிரையர்; மறு கையில் மாடல்காரரின் போன்.

"உங்க தங்கச்சி மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க," என்றார்.

மாடல்காரர் மாடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாவு மெஷின் ரிப்பேருங்க. சரி பண்ணித் தரச் சொல்லிக்கிட்டே இருக்கா."

"படத்துல பக்கத்துல யாரோ நிக்கிறாங்களே. பாதி தோள் மட்டும் தெரியுது."

"அது நான்தான் சார்," என்றார் பெயிண்டர். "தோள் அழகா இருக்குல்ல?"

மேனேஜர் முறைத்தார். ஆனால் போன் பைக்குள் போய்விட்டது. "உனக்கு வாய் ஜாஸ்தி. கோட்டை ஒட்டியாச்சா?"

"அடியில பளபளப்பு வார்னிஷ் அடிக்கணும் சார். பெயிண்ட் மங்கலா, சொரசொரப்பா இருக்கு. அதுமேல நேரா ஒட்டினா டெக்காலுக்கு அடியில காத்து மாட்டிக்கும். வெள்ளி மாதிரி மினுக்கும். வார்னிஷ் காய ஒரு மணி நேரம்."

இதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. இருபது வருஷப் பழக்கம், தன்னை மறந்து சொல்லிவிட்டது.

"ஒரு மணி நேரமா? நேரா ஒட்டுங்க. இதால ஊதிக் காயவைங்க." ஹேர் டிரையரை மேஜையில் வைத்துவிட்டு மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த முறை போகவில்லை.

மாடல்காரர் புதுக் கோட்டை வெட்டினார். தண்ணீரில் போட்டு முப்பது எண்ணினார். தாளிலிருந்து வழுக்கி, வரைபடம் சொன்ன இடத்தில், நாலு மில்லிமீட்டர் கீழே இறக்கினார். துணியால் ஒற்றினார். பொய்யாக இருந்தாலும் கை கோணலாக ஒட்ட மறுத்தது. நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டியது.

"ஊதுங்க," என்றார் மேனேஜர்.

சூடான காற்று படகுமேல் பாய்ந்தது. காற்றுப் பட்டால் பெயிண்ட் இன்னும் வேகமாகச் சுருங்கும். மாடல்காரருக்கு அது தெரியும். பெயிண்டருக்கும் தெரியும். மேனேஜர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு மாடல்காரர் பார்த்தார். பச்சைப் பரப்பில், பக்கவாட்டில் தலையைச் சாய்த்தால் மட்டும், தலைமுடி அளவுக்கு இரண்டு மேடுகள். பழைய கோட்டின் மேல் ஓரம், கீழ் ஓரம். எழுந்துகொண்டிருந்தது.

அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். டியூப்லைட் நேர் மேலே இருந்தது. மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் மேட்டுக்கு நிழல் இல்லை. ஆனால் மேனேஜர் மட்டும் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து குனிந்தால் போதும்.

மேனேஜர் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தார்.

"சார், சட்டை," என்றார் பெயிண்டர்.

"என்னது?"

"பெயிண்ட் ஈரம் சார். வெள்ளைச் சட்டை. மேடம் முன்னால பச்சையா நிப்பீங்க."

மேனேஜர் பாம்பை மிதித்தவர்போலப் பின்வாங்கி, சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே தூக்கிட்டு வா. நடு மேஜைல, லைட்டுக்கு அடியில வை. ஜன்னல் திரையெல்லாம் மூடியிருக்கு, அப்படியே இருக்கட்டும்." மாடல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயே இருங்க. அவங்க போனதும் திறந்து விடுறேன்."

பெயிண்டர் மாடலைத் தூக்கினார். போகும்போது இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. கதவு, பிறகு சாவி.

தனியறை. பேன். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர்.

மாடல்காரர் பிளைவுட் தடுப்பில் காதை வைத்தார். கிண்ணத்தில் துணியைப் பிழிந்தவர்தான் அந்தப் பெயிண்டர். ஆனால் நாலு பேர் முன்னால், இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு நிற்கிற பெயிண்டர் வேறு ஆளாக இருக்கலாம். லைட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

நாலு மணி. நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பெண் குரல், அலட்டிக்கொள்ளாத குரல். மேனேஜரின் குரல் தேனாக வழிந்தது. காகிதங்கள். சான்றிதழ். "பார்த்தீங்கன்னா மேடம், கோடு சரியா அங்கதான்." "ம்." "ஓட்டினவர் பொறுப்பில்லாம..." "ம்."

பத்து நிமிஷம். பதினைந்து. மாடல்காரரின் காது மரத்துப்போனது. நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம். கிளம்புகிறார்கள்.

அப்போது பெயிண்டரின் குரல் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக.

"மேடம், இருட்டா இருக்கு. திரையைக் கொஞ்சம் விலக்கட்டுமா?"

"தேவையில்லய்யா," என்றார் மேனேஜர்.

"விலக்குங்க," என்றது பெண் குரல்.

திரைவளையங்கள் கம்பியில் ஓடின. மேற்கு ஜன்னல். நாலே கால் மணி வெயில் எந்தச் சாய்வில் வரும் என்று மாடல்காரருக்குத் தெரியும். மாடல் பெட்டியை அந்த ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்று போன வருஷம் அவர்தான் சொல்லியிருந்தார்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இந்தக் கோட்டுக்கு அடியில என்ன வெள்ளியா மினுக்குது?" என்றது பெண் குரல்.

"அது... பழசு மேடம். வெயில் பட்டது."

"பழசா? இங்க மேல இன்னொரு கோடு இருக்கே. நிறமில்லாம." நாற்காலி மறுபடி இழுபட்டது. "விரல்ல தட்டுப்படுது."

பிறகு பெயிண்டர் பேசினார். மெதுவாக ஆரம்பித்த பேச்சு, போகப் போக வேகம் பிடித்தது. "அந்த மேல இருக்கிறதுதான் மேடம் அன்னிக்குப் படகுல இருந்தது. நான்தான் போட்டேன். தண்ணிக்கு அடியில கிடக்கிற படகுலயும் பாருங்க. பழைய கோட்டைச் சுரண்டாமத்தான் அடிச்சிருக்கேன். அதுவும் இப்படித்தான் எழும்பியிருக்கும், கீழ. ஞாயித்துக்கிழமை சொல்லி அடிக்கவச்சது இவரு. இந்த மாடல்ல இன்னிக்கு மாத்தின ஆளும் பக்கத்து ரூம்லதான் பூட்டிக் கிடக்குறாரு."

காலடிகள். சாவி. மாடல்காரர் சுவரிலிருந்து விலகுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

அதிகாரியம்மா வாசலிலேயே நின்றார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. மேஜை, ஏர்பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாத்தினது நீங்களா?"

மாடல்காரர் உப்புத்தாளை எடுத்து நீட்டினார். அதிகாரியம்மா திருப்பிப் பார்த்தார். தேய்க்க வேண்டிய பக்கம் புத்தம் புதுசு. முதுகுப் பக்கம் ஊறி, நைந்து, பஞ்சாகியிருந்தது.

"ஓட்டினவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி புருஷன்."

"அப்போ உங்க பேச்சை நான் எப்படி நம்புறது?"

"என் பேச்சை நம்ப வேணாம் மேடம். நீங்கதான் விரலை வச்சுப் பார்த்துட்டீங்களே."

அதிகாரியம்மா தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "முப்பது அடியோ அறுபது அடியோ, படகைத் தூக்கியாகணும். தூக்கற வரைக்கும் அந்த மாடல் என்கூட வருது. நீங்க மூணு பேரும் எழுதிக் குடுக்காம யாரும் இங்கேருந்து கிளம்பக்கூடாது. இந்த ரூமே போதும்."

மேனேஜரும் பெயிண்டரும் உள்ளே வந்தார்கள். பெயிண்டர் முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்தார். நெற்றி வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்தார். கையில் எங்கேயோ பட்டிருந்த பச்சை, நெற்றியில் ஒரு கோடாக விழுந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கதவு சாத்தியது. சாவி இப்போது அதிகாரியம்மாவிடம்.

மேனேஜரின் பைக்குள் போன் அடித்தது. நாலாவது தடவை.

"குடுங்க சார்," என்றார் மாடல்காரர். "தங்கச்சிதான்."

மேனேஜர் போனை எடுத்தார். திரையில் அந்தப் பாதித் தோளை இப்போதுதான் நன்றாகப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"அண்ணா, எங்கண்ணா போன? மத்தியானத்துலேருந்து எடுக்கவே இல்ல. எனக்கு உயிரே இல்ல."

"ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன்மா."

"முடிஞ்சுதா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பச்சை அடியில் இறங்கி, மேலே தண்ணீர் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது.

"இன்னும் காயலம்மா," என்றார். "ஆனா தெரிய ஆரம்பிச்சிருச்சு."